இடுப்பில் செருகிய வால்வுப் பிடி

மட்டாஞ்சேரி பஜாரில் சுப்புராஜ் என்று ஒரு சுமைக்கூலி மேஸ்திரி இருக்கிறார். அவருடைய இடது காதின் கீழ்நுனி இல்லை. எங்கே போயிற்று என்று கேட்டால் நாய் கடித்தது என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கடித்தது காளியம்மை. சுக்குக் களத்தில் புதிதாக வேலைக்கு வந்த பெண்ணை அவர் சாக்கு அடுக்குகளுக்குப் பின்னால் மடக்கியபோது, காளியம்மை யாரையும் கூப்பிடவில்லை, கத்தவில்லை. போனாள், கடித்தாள், துப்பினாள். திரும்பி வந்து முறத்தை எடுத்துச் சுக்கைப் புடைத்தாள்.

காளியம்மைக்கு முதலில் கை பேசும். வாய் அப்புறம்தான்.

போடியிலிருந்து கல்யாணமான கையோடு செல்லப்பாவுடன் வந்தவள். அவன் அரிசி மண்டியில் மூட்டை தூக்கினான். அவள் சுக்குக் களத்தில் சேர்ந்தாள். வந்த புதிதில் மலையாளம் தெரியாது. அதைச் சொல்லிக் கேலி செய்தவளை முறத்தால் அடித்தாள். மொழி வந்த பிறகும் முறத்தை விடவில்லை. பஸ்ஸில் உரசிய ஒருவனின் விரலைப் பின்னால் மடக்கி முறித்திருக்கிறாள். ஒருநாள் குடித்துவிட்டு வந்து கை நீட்டிய செல்லப்பாவை, அவன் தூங்கிய பிறகு பாயோடு சேர்த்துக் கட்டி, போதை தெளியும்வரை காத்திருந்து அடித்தாள். தெளியாதவனை அடித்தால் அவனுக்கு வலிக்காது என்பது அவள் கணக்கு. அதன் பிறகு செல்லப்பா கை நீட்டவில்லை. குடியையும் விடவில்லை.

மகன் ஆனந்தகுமாருக்கு அம்மாவின் கை அப்படியே வந்திருந்தது. படகுத் தளத்தில் வெல்டர். அந்த வலது கை பிடித்தால் இரும்பில் தையல் போட்டதுபோல் ஒட்டு விழும் என்று தளத்தில் சொல்வார்கள். அதே கை சண்டையில் இறங்கினால் தடுக்க ஆள் வேண்டும் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

அவர்கள் குடியிருப்பது பழைய அரிசிக் கிடங்கு ஒன்றின் பின்பாதியில். முன்பாதி பூட்டிக் கிடக்கிறது. பின்பாதியில் நடுவே ஒரு நடைவழி விட்டு இரண்டு வீடுகளாகத் தடுத்திருக்கிறார்கள். இடது பக்கம் காளியம்மை. வலது பக்கம் சிஜுவும் அவன் மனைவி ஷீஜாவும். சிஜு மின்விசிறி, மிக்ஸி பழுது பார்ப்பவன். எதையும் கழற்றி உள்ளே பார்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. அவன் குடும்பமும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எப்போதோ வந்ததுதான். இப்போது பேச்சில் பாதி மலையாளம்.

நடைவழியின் கோடியில், கருங்கல் விளிம்பு வைத்த ஒரு சின்னக் குழி இருக்கிறது. கூரைமேல் இருக்கும் கறுப்புத் தொட்டியிலிருந்து ஒற்றைக் குழாய் சுவரோடு இறங்கி, அந்தக் குழிக்குள் இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் ஒரு வால்வு, வலப்பக்கம் ஒரு வால்வு. அதற்கப்பால் இரண்டு குழாய்களும் சிமெண்டுத் தரைக்கு அடியில் போய்விடும். இடது வால்வு காளியம்மை வீட்டுக்கு, வலது வால்வு சிஜு வீட்டுக்கு. இதை யாரும் யாருக்கும் சொன்னதில்லை. இடது பக்கம் இருப்பது இடது வீட்டுக்குத்தானே?

அந்தச் சந்தில் ஒரு பழக்கம் உண்டு. எல்லாக் குடியிருப்பு வளவுகளிலும் தொட்டி பொது. யாராவது குழாயைத் திறந்துபோட்டுப் போய்விட்டால் எல்லார் தண்ணீரும் காலி. அதனால் வெளியே கிளம்பும்போது கதவைப் பூட்டுவதுபோல வால்வையும் மூடி, அதன் தலையிலிருக்கும் சக்கரப் பிடியைத் திருகிக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு போவார்கள். பிடி போன வால்வில் வெறும் சதுரத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். கொறடு வைத்தால் அதையும் திருப்பலாம். ஆனால் அடுத்தவன் வால்வில் கொறடு வைப்பது, அடுத்தவன் பெண்டாட்டியின் முந்தானையில் கை வைப்பதற்குச் சமம். காளியம்மை சுக்குக் களத்துக்குப் போகும்போதெல்லாம் சிவப்புச் சாயம் அடித்த அந்த இரும்புச் சக்கரம் அவள் இடுப்பில் இருக்கும். சில சண்டைகளில் அது உதவியும் இருக்கிறது.

அந்தப் பிளாஸ்டிக் குழாய்களைப் பதித்தது செல்லப்பாவும் சிஜுவும்தான். பெருவெள்ளம் வந்து நடைவழியில் முழங்காலளவு நின்று வடிந்த பிறகு, தரையை உயர்த்தலாம் என்று முடிவாயிற்று. துருப்பிடித்த இரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கள்ளும் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் குழியில் இறங்கினார்கள். பாட்டும் சிரிப்புமாக வேலை நடந்தது. பசை காய்ந்ததும் இரண்டு வால்வுகளையும் முழுசாகத் திறந்தார்கள். இரண்டு வீட்டிலும் தண்ணீர் கொட்டியது. "செல்லப்பா சேட்டா, நம்ம ரெண்டு பேரும் இஞ்சினியராக்கும்" என்று சிஜு அவனைக் கட்டிப்பிடித்தான். மறுநாள் மேலே சிமெண்டு போட்டாயிற்று.

அதற்குப் பிறகுதான் சனி பிடித்தது. காளியம்மை வீட்டில் தண்ணீர் திடீர் திடீரென்று நின்றது. தொட்டி நிறைந்திருக்கும், வால்வு திறந்திருக்கும், குழாயில் காற்று மட்டும் சீறும். காளியம்மை கவனித்துப் பார்த்தாள். சிஜு வீட்டார் வெளியே போகும் நேரமாகப் பார்த்து நிற்கிறது. சர்ச்சுக்குப் போனால் நிற்கிறது. கல்யாணத்துக்குப் போனால் நிற்கிறது. திரும்பி வந்தால் வருகிறது. இன்னொரு வினோதமும் இருந்தது. ஆனந்தகுமார் குழாய் மாற்றுவதற்காகத் தங்கள் வால்வை இறுக்கி மூடியபோது, கழற்றிய வாயிலிருந்து தண்ணீர் அவன் முகத்தில் பீச்சியடித்தது. "வால்வு மட்டம், பிடிக்கவே மாட்டேங்குது" என்று திட்டிக்கொண்டே நனைந்தபடி வேலையை முடித்தான். அதைப் பற்றி அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

செல்லப்பா மண்டியில் மூட்டையோடு சரிந்து இறந்த அன்று அவனை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். சிஜுவும் ஷீஜாவும் அழுதுகொண்டே வண்டி பேசவும் சுடுகாட்டில் சொல்லவும் ஓடினார்கள். இங்கே குளிப்பாட்டக் குடத்தை வைத்துக் குழாயைத் திறந்தாள் காளியம்மை. காற்று. சாயாக்கடையில் கேனில் வாங்கிய தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிப் புருஷனைக் குளிப்பாட்டினாள். சிஜு வண்டியோடு திரும்பி வந்து இறங்கியபோது, அந்தப் பித்தளைக் குடத்தை அவன் தலையைப் பார்த்து எறிந்தாள். அவன் விலகினான். குடம் கதவைப் பிளந்தது. ஏன் எறிந்தாள் என்று அவனுக்கும் புரியவில்லை. புரிய வைக்க அவளும் வாய் திறக்கவில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

இனிச் சொல்லப்போவது இந்தக் கோடையில் நடந்தது.

சுக்குக் களத்தில் நல்ல வெயில் நேரம். காளியம்மையின் போன் அடித்தது.

"அம்மா, சிஜுவ அடிச்சிட்டேன்" என்றான் ஆனந்தகுமார்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். ஓடவில்லை, ஆனால் அவ்வளவு வேகமாக அவள் நடந்ததை அந்தப் பஜார் பார்த்ததில்லை. வீட்டு நடைவழியில் ஆள் இல்லை. குழியின் கருங்கல் விளிம்பில் ரத்தம் காயத் தொடங்கியிருந்தது. குழிக்குள் ஒரு கொறடு கிடந்தது. மகன் வாசற்படியில், வெல்டிங் கசடு தட்டும் சுத்தியலை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

"செத்துட்டானா?"

"இல்ல. கையால தடுத்தான், மணிக்கட்டு போச்சு. அப்புறம் மண்டையில பட்டுது. ஷீஜா ஆட்டோவுல ஏத்திட்டுப் போயிருக்கா."

காளியம்மை அவனை அறைந்தாள். பிறகுதான் காரணம் கேட்டாள்.

"நான் சோத்துக்கு வந்தேன். நம்ம வால்வுல கொறடு வச்சுத் திருகிக்கிட்டு இருக்கான். திருடன் மாதிரி குந்திக்கிட்டு. அவன் திருகத் திருக, உள்ள இருந்து அவ கத்துறா, 'வந்நு! வெள்ளம் வந்நு!'ன்னு. நம்ம வால்வத் தொறந்தா அவுங்க வீட்டுல தண்ணி வருது! அடியில எங்கயோ திருட்டுக் குழாய் போட்டு வச்சிருக்கான். இத்தன வருசமா நம்ம தண்ணிய உறிஞ்சியிருக்கான். அப்பாவக் குளிப்பாட்டத் தண்ணி இல்லாம போச்சே, அது நெனப்பு வந்துச்சு. அடிச்சேன்."

அவள் மறுபடி ஓங்கிய கை பாதியில் நின்றது. அவளாக இருந்தாலும் அடித்திருப்பாள்.

அப்போது போன் மறுபடி அடித்தது. சிஜுவின் அண்ணன் சேவியர். தோப்பும்படி மீன் துறையில் பெரிய மீன்களை வெட்டித் துண்டு போடுபவன். சுறாவின் முதுகெலும்பை ஒரே போடாகப் போடுவான். குரலை உயர்த்தாமல் பேசினான்.

"காளியம்மே, மோன் ஏது கையிலா அடிச்சது?"

"சேவியரே, நான் சொல்லுறதக் கேளு..."

"வலதா இடதா?"

அவள் கண் மகனின் வலது கைக்குப் போனது.

"வலதாத்தான் இருக்கும். வெல்டிங் பிடிக்கிற கையில்லே? செரி. பஸ் ஸ்டாப்புல, போட்டு ஜெட்டியில எல்லாம் நம்ம பிள்ளேர் நிக்குது. ஓட வேண்டாம்னு சொல்லு. தம்பிக்குத் தையல் போட்டு முடியட்டும். இருட்டுறதுக்கு முன்னால வாரேன். எனக்கு அந்தக் கை மட்டும் மதி, போதும்."

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய்ப் போலீஸ் எப்போது வரும் என்று தெரியாது. சேவியர் அதற்கு முன்னால் வருவான் என்று தெரியும். காளியம்மை மகனின் மடியிலிருந்த சுத்தியலைப் பிடுங்கினாள். அவனை உள்ளே தள்ளி வெளியே பூட்டினாள். "வரட்டும்மா, நானும் பாத்துக்கிறேன்" என்று உள்ளேயிருந்து கதவை உதைத்தான். "பொத்திக்கிட்டு இருடா. கையில்லாதவனுக்கு ஊட்டிவிட எனக்கு வயசில்ல."

முதலில் ரத்தத்தைக் கழுவலாம் என்று நினைத்தாள். சேவியர் அதைப் பார்த்தால் இன்னும் வெறி ஏறும். வீட்டுக்குப் பின்புறமாகச் சுற்றிப் போய், தனிச் சாய்ப்பாக இருந்த அடுக்களையின் கதவைத் திறந்து, அலுமினியக் குடத்தை வைத்துக் குழாயைத் திருகினாள்.

காற்று.

அவளுக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. குழிக்குப் போய்ப் பார்த்தாள். தங்கள் வால்வின் தண்டில் சக்கரத்தை மாட்டித் திருப்பிப் பார்த்தாள். சிஜு திருகிய திருகலில் முழுசாகத் திறந்துதான் கிடந்தது. வலது வால்வில் சக்கரம் இல்லை. மண்டை பிளந்த புருஷனை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஷீஜா ஓடி வந்து வால்வை மூடிப் பிடியைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறாள். ரவிக்கை முழுக்க ரத்தத்தோடு. அந்தச் சந்துக்காரிகளின் கை அப்படிப் பழகியது. காளியம்மை மட்டும் வேறு விதமாய்ப் புரிந்துகொண்டாள்: இந்த நிலையிலும் நம் தண்ணீரை நிறுத்திவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

"ஒடச்சிர்றேன்டி" என்றாள் சத்தமாக. சிஜுவின் கொறடை எடுத்தாள். அதன் பிடியிலும் ரத்தம் பிசுபிசுத்தது. வலது வால்வின் தண்டைக் கவ்வி, முறியட்டும் என்று உடம்பின் கனத்தையெல்லாம் போட்டுத் திருகினாள். தண்டு முறியவில்லை. சுற்றியது. அவள் விடாமல் சுற்றினாள்.

அடுக்களையிலிருந்து சத்தம் கேட்டது. காலி அலுமினியக் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம்.

அவள் கை நின்றது. அப்படியே எதிர்ப்பக்கம் திருகினாள். குடத்தின் சத்தம் ஒல்லியாகி, சொட்டாகி, நின்றது. மறுபடி திறந்தாள். மறுபடி கொட்டியது.

பிறகு தன் வால்வுக்கு வந்தாள். சொந்தச் சக்கரத்தால் அதை இறுக்கி மூடினாள். அடுக்களையில் தண்ணீர் நிற்கவே இல்லை. குடம் நிறைந்து வழிந்தது. எழுந்து போய், சிஜு வீட்டுத் துணி துவைக்கும் கல்லருகே இருந்த குழாயைத் திறந்தாள். இரண்டு சொட்டு விழுந்து காற்று சீறியது. ஓடி வந்து தன் வால்வைத் திறந்தாள். துவைகல் மேல் தண்ணீர் பாய்ந்து அடித்தது.

காளியம்மை குழியின் விளிம்பில், ரத்தக் கறை மேலேயே உட்கார்ந்தாள்.

சிமெண்டுக்கு அடியில் இரண்டு குழாய்களும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போயிருந்தன. கள் மயக்கத்தில் இரண்டு இஞ்சினியர்களும் மாற்றிச் சேர்த்துவிட்டார்கள். இரண்டையும் திறந்து பார்த்தார்கள். ஒன்றை மட்டும் மூடிப் பார்க்கத் தோன்றவில்லை. அவள் இத்தனை வருஷமும் இடுப்பில் செருகிக்கொண்டு போனது ஷீஜா வீட்டுத் தண்ணீரை. செல்லப்பா செத்த அன்று ஷீஜா அழுதுகொண்டே கழற்றிப் போனது, செல்லப்பாவைக் குளிப்பாட்ட வேண்டிய தண்ணீரை. இன்று சிஜு கொறடை வைத்தது திருடுவதற்கில்லை. எதையும் கழற்றிப் பார்க்கிறவன், இதையும் பார்த்துக்கொண்டிருந்தான். 'வெள்ளம் வந்நு' என்று பெண்டாட்டி கத்திய அந்த நொடியில் அவனுக்கு விஷயம் பிடிபட்டிருக்கும். அதே நொடியில் சுத்தியல் இறங்கிவிட்டது.

இதைச் சேவியரிடம் எப்படிச் சொல்வது? அடித்தவனின் அம்மா சொன்னால் அவன் காது கொடுப்பானா? சொல்ல வேண்டியவள் வேறொருத்தி. ஓடிக்கொண்டிருந்த இரண்டு குழாய்களையும் மூடிவிட்டு, காளியம்மை அவளுக்காகக் காத்திருந்தாள்.

அவள் வந்தாள். புருஷனுக்கு மாற்று லுங்கி எடுக்க ஷீஜா தனியாக நடைவழிக்குள் நுழைந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சந்தில் அவள் தலை தெரிந்ததுமே காளியம்மை அடுக்களைக் குழாயைத் திறந்துவிட்டு வந்திருந்தாள். அவள் எதிரே வந்ததும் ஷீஜா கையிலிருந்த தூக்குச் சட்டியைச் சுழற்றி அடித்தாள். அது காளியம்மையின் புருவத்தில் பட்டுப் பிளந்தது.

"என்னெயும் கொல்லான் நிக்குதா?"

"இங்க வாடி."

"வரமாட்டேன்! வெவரங்கெட்ட சாதனமே, சாத்தானே!"

காளியம்மைக்குப் பேசி வழக்கமில்லை. கூந்தலைக் கொத்தாகப் பிடித்தாள். ஷீஜா அவள் முழங்கையைக் கடித்தாள். கடிக்க விட்டபடியே குழிவரை இழுத்துக்கொண்டு போய், முகத்தைக் குழியை நோக்கித் திருப்பி, கொறடை அவள் கையில் திணித்தாள்.

"திருகு. எது ஒன் வால்வு? வலதா? மூடு. எங்க வீட்டுல சத்தத்தக் கேளு."

"எனிக்கு ஒண்ணும் கேக்கண்டா!"

"மூடுடி!"

ஷீஜா அழுதுகொண்டே திருகினாள். அடுக்களையில் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. ஷீஜா அழுகையை நிறுத்தினாள். காளியம்மை கூந்தலை விட்டுவிட்டாள். இனிப் பிடித்திருக்கத் தேவையில்லை. ஷீஜாவே மறுபடி திறந்தாள், மறுபடி மூடினாள். பிறகு தன் மடியிலிருந்த சக்கரத்தை எடுத்து வெறித்துப் பார்த்தாள்.

"சேச்சி" என்றாள். பல வருஷத்துக்குப் பிறகு வந்த சொல். "எனக்குக் கரு கலைஞ்சு ஆஸ்பத்திரியிலேந்து வந்த அன்னிக்கு... காலெல்லாம் ரெத்தம். கழுவறதுக்கு வெள்ளம் இல்ல. குழாயத் தொறந்தா காத்து. உங்க வீடு பூட்டிக் கெடந்துது. நான் நெனச்சேன், வேணும்னே பண்ணிட்டுப் போயிருக்கீங்கன்னு. உங்க குடும்பம் நசிச்சுப் போகட்டும்னு மாதாவுகிட்ட முட்டிபோட்டுக் கேட்டேன்."

காளியம்மையின் புருவத்திலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. துடைத்துக்கொண்டாள்.

"எம் புருசன எடுத்துப் பாதிய நடத்திட்டா ஒன் மாதா" என்றாள். "மீதிய நடத்த இன்னிக்கு ஒன் புருசனோட அண்ணன் வாரான். அவன்கிட்ட நீதான் சொல்லணும்."

சொல்ல நேரம் கிடைக்கவில்லை. சேவியர் மூன்று ஆட்களோடு நடைவழிக்குள் வந்துவிட்டான். கையில் மீன் வெட்டும் கத்தி; அகன்ற அலகு, தடித்த முதுகு. அவன் உடம்பிலிருந்து சுறா நாற்றம் முன்னால் வந்தது.

"சேட்டா, நில்லு. பைப்பு மாறிப் போயிருக்கு. அவங்க வால்வு நம்முடேது, நம்ம வால்வு அவங்களுது" என்று ஷீஜா குறுக்கே போய் நின்றாள்.

"எனக்குப் பைப்புக் கத வேண்டா. மாறு."

"நெசமாணு சேட்டா! சிஜு அதைத்தான் பாத்துட்டு இருந்தான்!"

"அப்போ கண்டுபிடிச்சதுக்கா அடிச்சான்? கொள்ளாம்." அவளை ஒரு கையால் ஒதுக்கினான். ஆட்களில் இரண்டு பேர் கதவை உதைத்தார்கள். தாழ்ப்பாள் பெயர்ந்தது. ஆனந்தகுமார் உள்ளேயிருந்து பாய்ந்தான். முதல் ஆளின் மூக்கை உடைத்தான். அதற்குள் மற்றவர்கள் அவனைக் கீழே சாய்த்துவிட்டார்கள். காளியம்மை ஒருவனின் தோளில் பற்களைப் பதித்தாள். அவன் முழங்கையால் அவள் விலாவில் இடித்தான். மூச்சு நின்று சுவரில் சரிந்தாள். கண் திறந்திருந்தது, எழ முடியவில்லை.

ஆனந்தகுமாரைக் குழிவரை இழுத்து, அவன் வலது கையை நீட்டிக் கருங்கல் விளிம்பில் அழுத்திப் பிடித்தார்கள். மீன் வெட்டும் கட்டை மாதிரியே இருந்தது அந்தக் கல். சேவியர் கால்களை அகட்டி நின்றான். தொழில்காரனின் நிதானத்தோடு கத்தியை உயர்த்தினான்.

ஷீஜா அவன் இடுப்பில் தன் தலையால் மோதினாள்.

கத்தி விலகிப்போய், சுவரோடு இறங்கும் ஒற்றைக் குழாயில் பாய்ந்தது. வால்வுகளுக்கு மேலே, எந்தப் பிடிக்கும் கட்டுப்படாத இடத்தில். வெள்ளைப் பிளாஸ்டிக் பிளந்து தொட்டித் தண்ணீர் மொத்தமும் நடைவழியில் பீறிட்டது. எல்லார் முகத்திலும் அறைந்தது.

அடுத்து நடந்ததை அந்தச் சந்துக்காரர்களால் மட்டுமே செய்திருக்க முடியும். யார் முதலில் கத்தியது என்று தெரியவில்லை.

"பிடி! பிடி! வெள்ளம் போகுது!"

ஆட்கள் கையை விட்டுவிட்டார்கள். ஆனந்தகுமார் துள்ளி எழுந்தான். ஓடவில்லை. வெட்டு வாயைத் தன் வலது உள்ளங்கையால் பொத்தினான். விரலிடுக்கில் தண்ணீர் விசிறியது. இன்னும் அழுத்தினான்.

"எடா பட்டி, இறுக்கிப் பிடிடா! விட்டா கொன்னுருவேன்!" என்று கத்தியது சேவியர். அவனும் அந்த வலது பக்க வீட்டில் பிறந்து வளர்ந்தவன்தான். காலித் தொட்டிக்குக் கீழே குடத்தோடு நின்றவன்.

"தொட்டிக்கு அடியில வால்வு?" என்றான் மூக்குடைந்தவன்.

"துருப்பிடிச்சுச் செத்துப்போச்சு" என்றாள் ஷீஜா. "ரப்பர்! சைக்கிள் டியூப்பு!" பழுதுபார்க்கும் சாமான்கள் கிடந்த மூலையிலிருந்து ஒரு பழைய டியூப்பைக் கொண்டுவந்து எறிந்தாள். சேவியர் அதைத் தரையில் போட்டு, கையை வெட்ட வந்த கத்தியால் நீளவாக்கில் கிழித்தான். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு குழாயைச் சுற்றினான். "விரல எடு. மெதுவா. அடுத்தது." ஒவ்வொரு விரலாக விலக, அந்த இடத்தில் ரப்பர் ஏறி இறுகியது. மிச்சத்தைக் கத்தியால் அறுத்தபோது கத்தி அலகின் முனை ஆனந்தகுமாரின் கட்டைவிரல் மேட்டில் ஒரு கோடு இழுத்தது. ரத்தம் தண்ணீரோடு கலந்து முழங்கைவரை ஓடியது. தெரியாமல் பட்டதா, தெரிந்தே இழுத்ததா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

சேவியர் அந்த ரத்தத்தைப் பார்த்தான். சுவரோரம் விலாவைப் பிடித்துக்கொண்டிருந்த காளியம்மையைப் பார்த்தான்.

"இது மதி" என்றான். பிறகு குழியருகே குந்தினான். "காட்டு. எது எதுக்குப் போகுது?"

ஷீஜா திருகிக் காட்டினாள். அவன் அடுக்களைப் பக்கம் காது வைத்துக் கேட்டான். கடைசியில் தானே ஒருமுறை மூடித் திறந்து பார்த்துவிட்டு, "கள்ளு குடிச்சா மீன் வெட்டலாம், பைப்பு ஒட்டக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனான்.

போலீஸ்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டபோது, குழி விளிம்பில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சிஜு சொன்னான். அதைச் சொல்ல வைத்தது ஷீஜா. அவனாக மன்னிக்கவில்லை.

சிமெண்டை உடைத்துக் குழாயை நேராக்கும் வேலையை யாரும் தொடங்கவில்லை. அதற்குப் பதிலாகச் சக்கரங்களை மாற்றிக்கொண்டார்கள். இடது வீட்டுக்காரி வலது வால்வின் பிடியையும், வலது வீட்டுக்காரி இடது வால்வின் பிடியையும் வைத்துக்கொண்டார்கள். புதிதாக வருகிறவன் குழம்பட்டும்.

சிஜு கட்டுப்போட்ட தலையும் மாவுக்கட்டுக் கையுமாக வீடு திரும்பிய மறுநாள், காளியம்மை வேலைக்குக் கிளம்பினாள். வலது வால்வை மூடினாள். சக்கரத்தைக் கழற்றி இடுப்பில் செருகினாள். போகவில்லை. நடைவழியில் நின்றாள். சிஜு வெளியே வந்து, இடது கையால் துவைகல் குழாயைத் திறந்தான். தண்ணீர் கொட்டியது. முகம் கழுவினான், கொப்பளித்துத் துப்பினான். அவளைப் பார்க்காமலே பேசினான்.

"அன்னிக்கு இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா, நானே சொல்லியிருப்பேன் சேச்சி."

காளியம்மை அவன் பக்கம் திரும்பினாள். தெரிந்த பாஷையில் சொன்னாள்.

"அடிச்சவன் உள்ளதான் இருக்கான். தூங்குறான். எழுப்பிட்டு அடி."

சிஜு குழாயை மூடினான். அவள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனான். ஓங்கி ஓர் அறை விழும் சத்தம் கேட்டது. திருப்பி அடிக்கும் சத்தம் வருகிறதா என்று காளியம்மை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. சக்கரத்தை இடுப்பில் இன்னும் கொஞ்சம் இறுக்கிச் செருகிக்கொண்டு களத்துக்கு நடந்தாள்.